கையெழுத்து கேட்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

பாதி ஏ4 தாள்தான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் வெளிறிப் போயிருந்தது. என் சொந்த விருப்பத்தில், என் சொந்தப் பொறுப்பில் இந்த அணிவகுப்பில் கலந்துகொள்கிறேன். உடல்நலக் குறைவோ விபத்தோ உயிரிழப்போ நேர்ந்தால் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல. என் வாரிசுகளும் இழப்பீடு கோர மாட்டார்கள். கீழே பெயர், வயது, கையெழுத்து. வயதுக்குப் பக்கத்தில் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: "70க்கு மேல் கட்டாயம்."

போன டிசம்பர் 16. வங்கதேசப் போரின் வெற்றி நாள். மார்கழி முதல் தேதியும் அதுவே. லஸ் சர்ச் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், குடியிருப்போர் சங்கம் ஒன்று ஏற்பாடு செய்திருந்த சிறிய ஊர்வலம். பேண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள், முன்வரிசையில் அக்கம்பக்கத்து முன்னாள் படைவீரர்கள் பதினோரு பேர். நாகேஸ்வர ராவ் பூங்கா வரை நடந்து போய், கொடி வணக்கம், ஒரு பேச்சு, பொங்கல் வடை. அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

என் அண்ணாவுக்கு 75 வயது. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 டிசம்பரில் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் இருந்தார். பதக்கங்களை பிஸ்கட் டப்பாவில் அந்துருண்டையோடு போட்டு வைத்திருப்பார். அவற்றில் எனக்குப் பெயர் தெரிந்தது பஷ்சிமி ஸ்டார் ஒன்றுதான். அன்று விடிகாலையிலேயே அதை எடுத்துத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, ஏழு பத்துக்கெல்லாம் வந்து நின்றுவிட்டார். அழைப்பிதழில் போட்டிருந்தது 7.30.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "71லயும் கையெழுத்து வாங்கினாங்கம்மா. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா பணம் யாருக்குப் போகணும்னு கேட்டாங்க. அம்மா பேரைப் போட்டேன். இப்ப யாருக்கும் போக வேண்டாம்னு எழுதிக் கேக்கறாங்க."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ராணுவ எண், பதவி எல்லாம் சேர்த்து. அதற்குக் கீழே தன் கையால் இரண்டு வரி எழுதினார்: "வந்து சேர்ந்தது 7.10. புறப்பட்டது..." அந்த இடத்தைக் காலியாக விட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சங்கச் செயலாளர், "சார், குடுத்துடுங்க" என்றார். "நேரத்தைப் போட்டுட்டுத் தரேன் தம்பி" என்றார் அண்ணா.

அந்த இடம் நிரம்பியபோது மணி 9.35.

தலைமை விருந்தினர் தி.நகரிலிருந்து கிளம்பிவிட்டார் என்று எட்டு மணிக்குச் சொன்னார்கள். எட்டே முக்காலுக்கும் கிளம்பிவிட்டார் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் ஆழ்வார்பேட்டை வந்துவிட்டார். மெட்ரோ வேலைக்காகப் பாதி மயிலாப்பூரையே தகரத் தடுப்புக்குள் வைத்திருக்கும் நேரத்தில் ஆழ்வார்பேட்டையிலிருந்து லஸ்ஸுக்கு வருவது என்ன பாடு என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். இதற்கிடையே, விமானப் படையில் இருந்த 79 வயதுப் பெரியவர் ஒருவர், ஒரு வீட்டு வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போய்ப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, போனதும் பொங்கல் இருக்கிறதே என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் ஓடி வந்து உப்புப் போட்ட மோர் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஆனால் அவரை நடக்க விடவில்லை. பூங்கா வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஊர்வலம் நடந்த நேரம் பன்னிரண்டு நிமிடம். அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் அதற்கு முன்னால் நின்ற இரண்டு மணி நேரத்தில்தான். கையெழுத்து வாங்கிய கடிதத்தில் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

செயலாளரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, சொந்தக் காசையும் போட்டு, லீவு எடுத்து இதையெல்லாம் செய்கிற பையன். காவல் நிலையத்தில் அனுமதி கேட்கப் போனால் பொறுப்பாளர் யார், போன் நம்பர் என்ன, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 27க்குப் பிறகு தமிழ்நாட்டில் கூட்டம் கூட்டுகிற எவருக்கும் உள்ளூர ஒரு உதறல் இருக்கத்தான் செய்யும். அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் போனார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். கூட்டம் மணிக்கணக்கில் காத்து நின்றது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பையன் காப்பீட்டுக்கும் அலைந்திருக்கிறான். குழு விபத்துக் காப்பீடு கேட்டதற்கு, 70 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று பதில் வந்ததாம். அதனால்தான் அந்தக் கடிதம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பேச வேண்டும். பொதுக் காப்பீட்டுத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவள் நான். பாலிசி கொடுக்கலாமா, எவ்வளவு பிரீமியம் என்று முடிவு செய்கிற அண்டர்ரைட்டிங் மேஜைதான் என் மேஜை.

முதலில் ஒரு எளிய கணக்கு. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 18 வயதிலிருந்து 70 வயது வரைதான். 1971 டிசம்பரில் பதினெட்டு வயதில் துப்பாக்கி பிடித்த மிக இளைய சிப்பாயும் இன்று 72ஐத் தொட்டுவிட்டார். ஆக, அந்தப் போரைக் கொண்டாடுகிற நாளில், அந்தப் போரில் இருந்த ஒருவரைக் கூட நாட்டின் மிக மலிவான விபத்துக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியாது. 1965காரர்கள் 80ஐ நெருங்கிவிட்டார்கள், தாண்டியும் விட்டார்கள்.

சரி, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனி பாலிசி கொடுத்தே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் கொடுக்க முடியும். எங்கள் பாஷையில் அதற்கு லோடிங் என்று பெயர். அப்போதும் அந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும்? விபத்து என்றால் திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி, வலுவாக வந்து தாக்கியது என்பதுதான் வரையறை. பேண்டு வாத்திய வண்டி இடித்தால் பணம் உண்டு. வெயிலில் நின்று மயங்கினாலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலோ அது விபத்தில் சேராது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நெஞ்சுவலி வந்து வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். விபத்துப் பலன் கேட்டு அவர் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாரடைப்புதான் காரணம், விழுந்த காயத்தால் இறந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று 2019 ஏப்ரலில் மறுத்துவிட்டார்கள். வயதானவருக்கு ஊர்வலத்தில் எது நடக்குமோ அதற்குப் பாலிசியில் இடமில்லை. நடக்காததற்கு இருக்கிறது.

சட்டப்படி இப்படி ஒரு காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போபாலுக்குப் பிறகு 1991ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயகரமான பொருள்களைக் கையாளுகிற தொழிற்சாலைகளுக்கானது. தெரு ஊர்வலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹாலோ மைதானமோ வாடகைக்குத் தருகிறவர்கள் காப்பீடு கேட்கலாம், ஸ்பான்சர் கேட்கலாம். அது அவர்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயம்.

இன்னொரு யோசனையும் சங்கத்தில் வந்ததாம். நடக்க முடியாதவர்களை ஒரு குட்டி யானையில் நாற்காலி போட்டு, துணி கட்டி, பூச்சரம் தொங்கவிட்டு அழைத்துப் போகலாம் என்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குட்டி யானை சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற பயணிக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரேக் போட்டு நாற்காலியோடு கீழே விழுந்தால் வண்டிக்காரர்தான் வீட்டை விற்க வேண்டும். அதே காசுக்கு நாலு ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோவில் பயணிக்கு இடமும் உண்டு, காப்பும் உண்டு.

திறந்த வண்டியில் நாற்காலி போட்டுப் படைவீரர்களை ஏற்றுவது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 15, டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லேண்ட் என்கிற ஊர். போரில் காயம்பட்டவர்களையும் அவர்கள் மனைவியரையும் நீளமான தட்டு டிரெய்லரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஊர்வலம் போனார்கள். ரயில்வே கேட்டைக் கடக்கும்போது சரக்கு ரயில் வந்து மோதியது. நாலு படைவீரர்கள் செத்துப் போனார்கள். மனைவியரைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டுத் தாங்கள் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. விசாரித்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஊர் நிர்வாகத்தையும் ஊர்வல அமைப்பாளர்களையும்தான் காரணம் காட்டியது: ஊர்வலப் பாதை தண்டவாளத்தைக் கடக்கிறதே, அதன் ஆபத்தை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று. இறந்தவர்கள் கிழவர்கள் இல்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்துவிட்டு வந்தவர்கள். வயதுக் கட்டுப்பாடு வைத்திருந்தால் அவர்களில் ஒருவரைக் கூடக் காப்பாற்றியிருக்காது.

நம் மெரினாவுக்கே வருவோம். 2024 அக்டோபர் 6, விமானப் படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக வான் சாகசம். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. சென்னையில் மொட்டை வெயிலில் மணலில் நிற்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 34. அதே கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு ஜனவரி 26ம் குடியரசு தின அணிவகுப்பு காலை எட்டு மணிக்கு நடக்கிறது. காந்தி சிலைப் பக்கம் மெட்ரோ தோண்டியபோது உழைப்பாளர் சிலைப் பக்கம் மாற்றினார்களே தவிர, நேரத்தை மாற்றவில்லை. கவர்னர் எட்டு மணிக்கு வந்துவிடுவார். எங்கள் தெருவுக்கு வருகிற தலைமை விருந்தினரால்தான் முடிவதில்லை.

மார்கழி முதல் தேதி என்று சொன்னேன் அல்லவா. நாங்கள் அந்தத் தெருவில் காத்துக் கிடந்த நாளில்தான் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் இருட்டோடு பஜனை போயிருக்கும். பாபநாசம் சிவன் காலத்திலிருந்து போகிறது. எண்பது வயதுப் பாட்டிகள், தாத்தாக்கள், பனியில், வெறுங்காலில், தாளம் தட்டிக்கொண்டு நாலு வீதியும் சுற்றுகிறார்கள். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று அதே கிழவர்கள் அவ்வளவு கூட்டத்திலும் தேரடியில் நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் கடிதம் வாங்குவதில்லை. வாங்கப் போனால் விரட்டிவிடுவார்கள். பஜனைக்கு அவர்கள் வீட்டு ஆட்கள். படைவீரரோ ஊர்வலத்தில் அழைத்து வந்த காட்சிப் பொருள். வித்தியாசம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. காட்சிப் பொருள் உடைந்தால் யார் பணம் தருவது என்கிற கவலை உடனே வந்துவிடுகிறது.

டெல்லியில் பரம் வீர் சக்ரா வாங்கியவர்களைக் குடியரசு தினத்தன்று ஜீப்பில் அழைத்துப் போகிறார்கள். லண்டனில் நவம்பர் நினைவு ஞாயிறன்று சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் வரிசையில் தங்கள் படைப்பிரிவோடுதான் போகிறார்கள். ஓரமாய்த் தனிப் பந்தல் போட்டு உட்கார வைப்பதில்லை. 2024ல் நார்மண்டித் தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டுக்கு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட 102 வயது மாலுமி ஒருவர் போகிற வழியிலேயே ஐரோப்பாவில் இறந்துபோனார். அதற்காக மற்றவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. நூறு வயதுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 1997ல், சுதந்திரப் பொன்விழா ஆண்டு. தியாகிகள் சிலரை ஊர்வலமாக அழைத்துப் போகிறோம், ஒரு நாள் பாலிசி வேண்டும் என்று ஒரு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். கதர் ஜிப்பா, கையில் கித்தான் பை. பட்டியலில் வயதுக் கட்டத்தைப் பார்த்தேன். 73, 75, 78. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இருபது வயதில் ஜெயிலுக்குப் போனவர்கள். "எழுபதுக்கு மேல முடியாது சார்" என்று சொல்லி ஒரு நிமிடத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனை மணிக்கு நடக்கிறது, எவ்வளவு தூரம், நிழல் இருக்கிறதா, டாக்டர் கூட வருகிறாரா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதி, லோடிங் போட்டு, விதிவிலக்கு வாங்கியிருக்கலாம். வேறு விஷயங்களுக்கு வாங்கியிருக்கிறேன். வயதுக் கட்டம் இருக்கிறதே, அது ரொம்ப வசதியான கட்டம். அதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஊர்வலம் நடந்ததா என்று கூட எனக்குத் தெரியாது. இப்போது என் அண்ணாவுக்கு அதே 75.

பூங்காவில் பொங்கல் சாப்பிடும்போது அண்ணாவிடம் கேட்டேன், நீங்கள் பொறுப்பில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. வடையைப் பிய்த்தபடி யோசித்தார். "கண்ணிவெடி வயல்ல நாங்க யாரையும் போகாதேன்னு சொன்னதில்ல. போய்த்தான் ஆகணும், டாங்கி பின்னால நிக்குது. வழி பண்ணி ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம். நாடாவுக்குள்ள நட, பிழைச்சுக்குவேன்னு சொல்லுவோம். நாடா கட்டாம, நீ செத்தா நான் பொறுப்பில்லேன்னு சிப்பாய்கிட்ட எழுதி வாங்கினா சி.ஓ. என் தோலை உரிச்சிருப்பார்."

நாடா கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. தெருவில் நிற்க வைக்காமல், பக்கத்திலேயே ஒரு பள்ளி வராந்தாவிலோ கல்யாண மண்டபத்திலோ உட்கார வைத்து, புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசைக்கு அழைக்கலாம். வந்தவுடன் இட்லியோ பொங்கலோ கொடுத்துவிட வேண்டும். கடைசியில் தருகிற பொங்கல் சர்க்கரைக்காரருக்கு எமன். ஒவ்வொருவர் பையிலும் ஒரு சீட்டு: என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டு நம்பர், எந்த ஆஸ்பத்திரி. ஓய்வூதியம் வாங்கும் படைவீரர்களுக்கு 2003லிருந்து இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது, அதன் அட்டையைப் பெரும்பாலானவர்கள் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வருவார்கள். அட்டை பையில் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் சேர்ந்தது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தால், 108ல் ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்று நடுரோட்டில் நின்று போன் போட வேண்டியதில்லை. பாதையை ஒரு நாள் முன்னால் யாராவது ஒரு எழுபது வயதுக்காரர் நடந்து பார்க்கட்டும். மெட்ரோ தடுப்பை ஒட்டி நடைபாதைப் பலகைகள் எங்கெங்கே ஆடுகின்றன என்று முப்பது வயதுக்காரர் காலுக்குத் தெரியாது.

காப்பீட்டுக் கம்பெனிகளாலும் இதைச் செய்ய முடியும். வயதைக் கேட்கிற கட்டத்துக்குப் பதில் இந்த ஏற்பாடுகளைக் கேட்டு, இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று வைக்கலாம். பட்டாசுக் கடைக்கும் சர்க்கஸுக்கும் அப்படித்தான் விலை வைக்கிறோம். மயக்கம், வெயில் தாக்கம் இவற்றுக்கான ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவைச் சின்னத் தொகைக்கு உள்ளே சேர்ப்பதும் நடக்காத காரியமில்லை. 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது வரம்பு இல்லை என்று ஒழுங்குமுறை ஆணையமே எடுத்துவிட்டதே. ஒரு கதவு திறந்த பிறகு பக்கத்துக் கதவுக்குப் பூட்டு எதற்கு?

இந்த வருஷ டிசம்பருக்கு நானே ஒரு படிவம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டியவர் அமைப்பாளர். உட்காரும் இடம் எது, நிழல் உண்டா, எத்தனை மணிக்குச் சாப்பாடு, வண்டி என்ன வண்டி, எந்த ஆஸ்பத்திரி. வயது என்கிற கட்டமே இல்லை. போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். எல்லாம் சரியாக இருக்கிறது ஆன்ட்டி, கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்றான்.

ஏழாவது வரி. "தலைமை விருந்தினர் வராவிட்டாலும் ஊர்வலம் புறப்படும் நேரம்."